சி நிரலை வேறு யுனிக்ஸ்களுக்குக் கொண்டுபோவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உபுண்டுவில் ஜிசிசி என்ற கம்பைலர் (சி நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் கருவி) வைத்து எழுதி, அங்கேயே வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சி நிரல். அதை ஃப்ரீபிஎஸ்டி, மேக்ஓஎஸ், ஆல்பைன் லினக்ஸ், ராஸ்பெர்ரி பை என்று வேறு இடங்களுக்குக் கொண்டுபோகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. விண்டோஸ் ஓரிடத்தில் எட்டிப்பார்க்கும். மற்றபடி அது தனிக் கதை.

கேள்வி: சி எங்கும் ஓடும் மொழி என்றுதானே சொல்லிக்கொடுத்தார்கள்? அப்புறம் ஏன் இவ்வளவு பாடு?

எங்கும் ஓடும்படி எழுத முடிகிற மொழி என்று சொல்லியிருக்க வேண்டும். இந்தப் பாடு புதிதும் இல்லை. 1973-ல் யுனிக்ஸ் கர்னலை சி-யில் மாற்றி எழுதினார்கள். ஆனால் அது ஓடியது பிடிபி-11 என்ற 16 பிட் கணினியில். 1977 வாக்கில் பெல் ஆய்வகத்தில் ஸ்டீவ் ஜான்சனும் டென்னிஸ் ரிச்சியும் அதை இன்டர்டேட்டா 8/32 என்ற 32 பிட் கணினிக்குக் கொண்டுபோனார்கள். அதே சமயம் ஆஸ்திரேலியாவின் வொலங்காங் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மில்லர் இன்டர்டேட்டா 7/32-க்குக் கொண்டுபோனார். பாயிண்டரையும் (நினைவக முகவரியையும்) முழு எண்ணையும் வேறுபாடில்லாமல் கலந்து எழுதும் பழக்கம் எவ்வளவு ஊறிப்போயிருந்தது என்பது அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. ஜான்சன் 1978-ல் லின்ட் என்ற சோதனைக் கருவியை எழுதியதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம்.

சி தரநிலை சில விஷயங்களை வேண்டுமென்றே கம்பைலரிடம் விட்டிருக்கிறது. சில, கம்பைலர் தன் விருப்பப்படி முடிவு செய்து ஆவணத்தில் எழுத வேண்டியவை. கேரக்டர் வகைக்குக் கூட்டல்-கழித்தல் குறி உண்டா இல்லையா என்பது இதில் வரும். சில, எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம், சொல்ல வேண்டியதும் இல்லை. ஒரு ஃபங்ஷனுக்குத் தரும் மதிப்புகள் எந்த வரிசையில் கணக்கிடப்படும் என்பது அப்படி. மூன்றாவது வகைதான் வில்லங்கம்: குறியுள்ள எண் நிரம்பி வழிவது போன்ற, தரநிலை எந்த உறுதியும் தராத செயல்கள். வேறு சிஸ்டத்தில் போய் உடைகிற நிரலில் தவறு பெரும்பாலும் பழைய சிஸ்டத்திலேயே இருந்திருக்கும். அங்கே யாரும் தட்டிக்கேட்கவில்லை, அவ்வளவுதான்.

கேள்வி: சரி, முதலில் எந்த சிஸ்டத்தில் முயன்று பார்ப்பது?

இப்போது உட்கார்ந்திருக்கும் அதே சிஸ்டத்தில். ஜிசிசியில் கம்பைல் ஆவதை கிளாங் என்ற இன்னொரு கம்பைலரிலும் கம்பைல் செய்யுங்கள். ‘-டபிள்யூஆல்’, ‘-டபிள்யூஎக்ஸ்ட்ரா’ இரண்டையும் போட்டு வருகிற வார்னிங்குகளை உட்கார்ந்து படியுங்கள். அப்புறம், ஓடும்போதே மெமரிப் பிழைகளையும் தரநிலை உறுதி தராத செயல்களையும் பிடிக்கும் ‘-எஃப்சானிடைஸ்=அட்ரஸ்,அன்டிஃபைன்ட்’ போட்டுச் சோதனைகளை ஓட்டுங்கள். 32 பிட் லைப்ரரிகளை நிறுவிக்கொண்டு ‘-எம்32’ போட்டும் ஒரு முறை. இவ்வளவும் முடிந்தபின் ஆல்பைன் கண்டெய்னர், அதற்கடுத்து ஃப்ரீபிஎஸ்டி மெய்நிகர் கணினி. இந்த வரிசையில் போனால், வேறு சிஸ்டத்தில் வந்திருக்கக்கூடிய பிழைகளில் பெரும்பகுதி வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே சிக்கிவிடும்.

கேள்வி: போன வருடம் வரை வெறும் வார்னிங்காக இருந்தது இப்போது எரர் ஆகிவிட்டது. ‘ஃபங்ஷனுக்கு அறிவிப்பு இல்லை’ என்கிறது. பழையபடி வார்னிங்காக மாற்றிக்கொள்ளலாமா?

வேண்டாம். இந்த எரருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அறிவிக்காத ஃபங்ஷனை அழைத்தால் அது இன்ட் (முழு எண்) திருப்பும் என்று கம்பைலர் தானாக எடுத்துக்கொள்வது சி89 காலத்து வழக்கம். 1999 தரநிலையிலேயே அதை நீக்கிவிட்டார்கள். கம்பைலர்கள்தான் இரக்கப்பட்டு கால் நூற்றாண்டு வார்னிங்கோடு விட்டு வந்தன. 2023-ல் வந்த கிளாங் 16-ம், 2024 மே மாதம் வந்த ஜிசிசி 14-ம் இதை எரர் ஆக்கிவிட்டன.

ஆபத்து எங்கே என்று பாருங்கள். ‘எஃப்டிஓப்பன்’ என்ற ஃபங்ஷன் ஒரு பாயிண்டரைத் திருப்புகிறது. 64 பிட் கணினியில் அது 8 பைட். அறிவிப்பு இல்லாதபோது கம்பைலர் அதை 4 பைட் இன்ட் என்று நினைத்து மேல்பாதியை வெட்டிவிடும். பழைய முறையில் கம்பைல் செய்த நிரலில் ஹீப் (ஓடும்போது கேட்டு வாங்கும் மெமரி) முகவரிகள் சிறிய எண்களாக இருந்ததால் வெட்டியும் ஒன்றும் ஆகவில்லை, நிரல் ஓடியது. இப்போது நிரல்களை எந்த முகவரியிலும் ஏற்றும்படிக் கட்டுகிறார்கள், முகவரிகள் பெரிதாகிவிட்டன, வெட்டினால் உடனே செத்துவிழுகிறது. ‘நேற்று வரை ஓடியதே’ என்ற புலம்பலுக்குப் பின்னால் பல நேரம் இதுதான் இருக்கும்.

ஹெடர் கோப்பைச் சேர்த்த பிறகும் அதே எரர் வருகிறதென்றால் ‘-எஸ்டிடி=சி99’ என்று கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அப்படிக் கொடுத்தால் ஜிலிப்சி (உபுண்டு போன்ற லினக்ஸ்களின் சி லைப்ரரி) கறாராகிவிடும்: சி தரநிலையில் இல்லாத, போசிக்ஸில் (யுனிக்ஸ்களுக்கான பொதுத் தரநிலையில்) மட்டும் உள்ள ஃபங்ஷன்களை மறைத்துவிடும். எஃப்டிஓப்பன் அப்படி மறைகிற ஒன்று. ஒன்று ‘-எஸ்டிடி=குனு99’ போடுங்கள், அல்லது அடுத்த பதிலில் உள்ள மேக்ரோவை (நிரலில் நாமே ‘டிஃபைன்’ செய்யும் பெயரை) வரையறுங்கள்.

கேள்வி: போசிக்ஸ் சோர்ஸ், குனு சோர்ஸ் என்று ஆளுக்கொரு மேக்ரோ சொல்கிறார்கள். எதை வைப்பது?

போசிக்ஸ் 2008-க்குள் அடங்கிவிடும் நிரலென்றால் ‘_போசிக்ஸ்_சி_சோர்ஸ்’ மேக்ரோவை 200809எல் என்று, எல்லா ஹெடர்களுக்கும் முன்னால் வரையறுங்கள். ஒரே ஒரு ஹெடருக்குப் பின்னால் வைத்தாலும் பயனில்லை. முதல் ஹெடர் உள்ளே வரும்போதே எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று முடிவாகிவிடுகிறது.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஜிலிப்சியில் இந்த மேக்ரோக்கள் கதவைத் திறப்பவை என்றே பலர் பழகியிருக்கிறார்கள். ஃப்ரீபிஎஸ்டியிலும் மேக்ஓஎஸ்ஸிலும் அதே ‘_போசிக்ஸ்_சி_சோர்ஸ்’ கதவைச் சாத்தும். ஒன்றும் வரையறுக்காமல் விட்டால் அங்கே எல்லாம் தெரியும். இதை வரையறுத்தால் போசிக்ஸ் தவிர மற்றதெல்லாம் மறைந்துவிடும். மேக்ஓஎஸ்ஸில் மீண்டும் திறக்க ‘_டார்வின்_சி_சோர்ஸ்’, சொலாரிஸ் என்ற யுனிக்ஸில் ‘__எக்ஸ்டென்ஷன்ஸ்__’, ஐபிஎம்மின் ஏஐஎக்ஸ் யுனிக்ஸில் ‘_ஆல்_சோர்ஸ்’. கான்ஃபிகர் ஸ்கிரிப்டை உருவாக்கும் ஆட்டோகான்ஃப் கருவியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இவை அனைத்தையும் சேர்த்துச் செய்யும் ‘ஏசி_யூஸ்_சிஸ்டம்_எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்ற ஒரு வரி உண்டு. கையால் எழுதும் ஆசை இல்லாதவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

கேள்வி: சிஸ்டத்தில் இருக்கிற ஃபங்ஷனை இல்லை என்கிறது கான்ஃபிகர் ஸ்கிரிப்ட். ஏன்?

நிரலைக் கட்டும் முன் சிஸ்டத்தில் என்னென்ன இருக்கிறது என்று சோதிக்கும் கான்ஃபிகர், ஒவ்வொரு வசதிக்கும் ஒரு குட்டி சி நிரலை எழுதி கம்பைல் செய்து பார்க்கிறது. கம்பைல் ஆகாவிட்டால் ‘இல்லை’ என்று எழுதிக்கொள்கிறது. பழைய ஸ்கிரிப்டுகளில் உள்ள அந்தக் குட்டி நிரல்களே அரைகுறையாக எழுதப்பட்டவை. ஹெடர் இல்லாமல் எக்ஸிட்டை அழைப்பார்கள், மெயினுக்கு வகை போடமாட்டார்கள். புதிய கம்பைலர் அவற்றை எரர் என்று தள்ளுகிறது. கான்ஃபிகருக்கு அது ‘வசதி இல்லை’ என்று அர்த்தமாகிறது. பில்ட் தோற்காது, ஒரு வசதி சத்தமில்லாமல் காணாமல் போயிருக்கும். வெளிப்படையாக உடைவதைவிட இது மோசம்.

‘கான்ஃபிக்.லாக்’ கோப்பைத் திறந்து, இல்லை என்று சொன்ன சோதனையில் உண்மையில் என்ன எரர் வந்தது என்று படியுங்கள். பழைய கம்பைலரில் உருவான ‘கான்ஃபிக்.எச்’ கோப்பையும் புதியதில் உருவானதையும் டிஃப் போட்டு ஒப்பிட்டுப் பார்ப்பது இன்னும் சுலபம். சரிசெய்ய, புதிய ஆட்டோகான்ஃப் கொண்டு ஸ்கிரிப்டை மறுபடி உருவாக்குங்கள்.

இன்னொன்று: ‘இந்தக் கணினி எனக்குத் தெரியாது’ என்று கான்ஃபிகர் தொடக்கத்திலேயே நின்றால், நிரலின் மூட்டையில் உள்ள ‘கான்ஃபிக்.கெஸ்’, ‘கான்ஃபிக்.சப்’ கோப்புகள் பழையவை. 64 பிட் ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ் போன்ற செயலிகள் வரும் முன்பு எழுதப்பட்டவையாக இருக்கும். அந்த இரண்டு கோப்புகளை மட்டும் புதிதாக மாற்றினால் போதும்.

கேள்வி: ‘லினக்ஸ் என்றால் இது, இல்லாவிட்டால் அது’ என்று இஃப்டெஃப் (கம்பைல் நேர நிபந்தனை) போட்டால் முடிந்ததே?

முடியாது, ஏனென்றால் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது சிஸ்டத்தின் பெயரை அல்ல. லினக்ஸ் என்றால் ஜிலிப்சி என்று அர்த்தமில்லை. ஆல்பைனில் இருப்பது மசல் என்ற வேறு சி லைப்ரரி. மசல் தன்னை அடையாளம் காட்டும் மேக்ரோவை வேண்டுமென்றே தருவதில்லை. இப்படிப் பெயர் பார்த்து எழுதுவதைத் தடுப்பதற்காகத்தான். ‘__ஜிஎன்யூசி__’ மேக்ரோ இருந்தால் ஜிசிசி என்றும் நம்ப முடியாது. கிளாங்கும் அதை வரையறுக்கிறது. தன்னை ஜிசிசி 4.2.1 என்று சொல்லிக்கொள்கிறது. மேக்கில் ‘ஜிசிசி’ என்று தட்டினால் ஓடுவதே ஆப்பிளின் கிளாங்தான்.

ஃபங்ஷன் இருக்கிறதா, இந்த வடிவில் இருக்கிறதா என்று பில்ட் நேரத்தில் கேளுங்கள். ஆட்டோகான்ஃப், சிமேக், மீசான் என்று பில்ட் கருவி எதுவானாலும் சரி. இதில் வடிவம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. வரிசைப்படுத்தும் ‘கியூசார்ட்_ஆர்’ ஜிலிப்சியிலும் உண்டு, மேக்ஓஎஸ்ஸிலும் உண்டு. ஜிலிப்சியில் ஒப்பிடும் ஃபங்ஷன் முதலில், கூடுதல் தகவல் கடைசியில். மேக்ஓஎஸ்ஸில் தலைகீழ். ஃப்ரீபிஎஸ்டியும் நெடுங்காலம் மேக் மாதிரியே இருந்து, 14-ஆம் பதிப்பில் ஜிலிப்சி பக்கம் வந்துவிட்டது. பெயர் மட்டும் பார்த்து ‘இருக்கிறது’ என்று முடிவு செய்தால் மாட்டிக்கொள்வோம். எரர் எண்ணுக்கு விளக்கம் தரும் ‘ஸ்ட்ர்எரர்_ஆர்’ கதையும் இதுதான்: போசிக்ஸ் வடிவம் இன்ட் திருப்பும், குனு வடிவம் சரத்தின் பாயிண்டரைத் திருப்பும், மசலில் போசிக்ஸ் வடிவம் மட்டுமே. குனு வடிவம் நீங்கள் தந்த பஃபரில் எழுதாமலே விடலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: கோப்பைப் படிக்கும் என் லூப் ராஸ்பெர்ரி பையில் முடியவே மாட்டேன் என்கிறது. லேப்டாப்பில் ஒழுங்காக ஓடுகிறது.

ஒவ்வோர் எழுத்தாகப் படிக்கும் ‘கெட்சார்’ திருப்புவதைக் கேரக்டர் வகை மாறியில் வாங்கியிருப்பீர்கள். கெட்சார் திருப்புவது இன்ட். கோப்பு முடிந்ததும் அது தருவது வழக்கமாக -1. லேப்டாப்பின் எக்ஸ்86 (இன்டெல் வகைச் செயலி) லினக்ஸில் கேரக்டருக்குக் குறி உண்டு, அதனால் -1 அப்படியே தங்கும். ராஸ்பெர்ரி பையின் ஆர்ம் லினக்ஸில் குறி கிடையாது. -1 போய் 255 ஆகிவிடும். 255 ஒருபோதும் -1-க்குச் சமமாகாது. லூப் சுற்றிக்கொண்டே இருக்கும். மாறியை இன்ட் ஆக்கினால் தீர்ந்தது.

லேப்டாப்பில் ஒழுங்காக ஓடியது என்பதும் உண்மையில்லை. அங்கே கோப்புக்குள் 255 மதிப்புள்ள பைட் ஒன்று வந்தால் கோப்பு முடிந்துவிட்டது என்று நினைத்துப் பாதியில் நின்றுவிடும். அப்படிப்பட்ட கோப்பை நீங்கள் இன்னும் கொடுக்கவில்லை.

ஆர்ம் என்றாலே குறியில்லாத கேரக்டர் என்று பொதுமைப்படுத்தவும் வேண்டாம். ஆப்பிளின் ஆர்ம் கணினிகளில் குறி உண்டு. லேப்டாப்பில் இருந்தபடியே ‘-எஃப்அன்சைன்ட்-சார்’ போட்டு இந்த வகைப் பிழைகளைத் தேடலாம்.

கேள்வி: தமிழ் உரையைக் கையாளும் நிரலில் இதனால் தனியாக ஏதும் சிக்கல் உண்டா?

உண்டு, நன்றாகவே உண்டு. யுடிஎஃப்-8 குறிமுறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்குறியும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் பதினாறடிமான இ0, அதாவது 224. மற்ற இரண்டும் 128 அல்லது அதற்கு மேல். ‘அ’ என்பது இ0, ஏஇ, 85. குறியுள்ள கேரக்டரில் 224 என்பது -32 ஆகிவிடும். அதை அப்படியே, எழுத்தா இடைவெளியா என்று பார்க்கும் ‘இஸ்ஆல்ஃபா’, ‘இஸ்ஸ்பேஸ்’ போன்றவற்றுக்குக் கொடுத்தால், அவை உள்ளே ஓர் அட்டவணையின் -32-ஆவது இடத்தைப் பார்க்கும். தரநிலைப்படி இந்த ஃபங்ஷன்களுக்கு 0 முதல் 255 வரையிலான எண்ணும் கோப்பு முடிவுக் குறியும்தான் கொடுக்கலாம்.

ஜிலிப்சி இதை மன்னித்துவிடுகிறது. அதன் அட்டவணை -128 வரை நீட்டி வைக்கப்பட்டிருக்கிறது. வேறு லைப்ரரிகளில் அந்தக் கருணை இருக்க வேண்டிய கட்டாயமில்லை. நெட்பிஎஸ்டியில் கம்பைல் செய்தால் ‘அட்டவணைச் சுட்டெண் கேரக்டர் வகையில் உள்ளது’ என்று வார்னிங் வந்து குவியும். எரிச்சலாக இருக்கும், ஆனால் ஒவ்வொன்றும் நியாயமானது. குறியில்லாத கேரக்டராக மாற்றிய பிறகே கொடுங்கள். ஆங்கில உரை மட்டும் படிக்கும் நிரலில் இந்தப் பிழை வாழ்நாள் முழுக்க ஒளிந்திருக்கும். நம் உரையைக் கொடுத்த முதல் வரியிலேயே வெளியே வரும். சோதனைக் கோப்புகளில் ஒரு பத்தி தமிழ் வைத்திருப்பது அதனால் நல்ல பழக்கம்.

கேள்வி: லாங் என்ற முழு எண் வகை 8 பைட் என்று நம்பலாமா?

64 பிட் யுனிக்ஸ்களில் 8. 32 பிட்டில் 4. 64 பிட் விண்டோஸில் 4. அளவு முக்கியமென்றால் ‘இன்ட்64_டி’ போன்ற வகைகளைப் பயன்படுத்துங்கள். அச்சிடும்போது ‘சைஸ்_டி’-க்கு ‘%இசட்யூ’. ‘ஆஃப்_டி’, ‘டைம்_டி’ போன்றவற்றுக்கு நேரடிக் குறியீடு இல்லை. ‘இன்ட்மேக்ஸ்_டி’-யாக மாற்றி ‘%ஜெடி’ போட்டு அச்சிடுங்கள்.

நேரத்தை வைக்கும் டைம்_டி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 32 பிட்டில் அது 2038 ஜனவரி 19, உலக நேரம் 03:14:07-க்கு, நம் நேரம் காலை 8:44:07-க்கு நிரம்பிவிடும். தப்பிக்க ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழி எடுத்தார்கள். ஓப்பன்பிஎஸ்டி 2014-ல் 5.5 பதிப்பில் எல்லாக் கணினிகளிலும் ஒரேயடியாக 64 பிட் ஆக்கிவிட்டது. மசல் 2020-ல் 1.2.0 பதிப்பில் மாறியது. ஜிலிப்சி, ஏற்கெனவே கம்பைல் ஆன பழைய பைனரிகளை உடைக்க மனமில்லாமல் 2021-ல் 2.34 பதிப்பில் ‘_டைம்_பிட்ஸ்=64’ என்று நாமே கேட்டு வாங்கும்படி வைத்தது; கூடவே ‘_ஃபைல்_ஆஃப்செட்_பிட்ஸ்=64’-ம் வேண்டும். டெபியன் 13 தன் 32 பிட் ஆர்ம் தொகுப்புகளை மாற்றிக் கட்டியது, ஆனால் பழைய ஐ386-ஐ (32 பிட் எக்ஸ்86-ஐ) அப்படியே விட்டது. என் பார்வையில் ஓப்பன்பிஎஸ்டி செய்ததுதான் நேர்மையான வழி. அதைச் செய்ய, உலகத்தின் பைனரிகளைச் சுமக்கவேண்டிய கட்டாயம் இல்லாதவராக இருக்க வேண்டும் என்பதும் உண்மை.

நேரத்தை இன்ட்டில் போட்டு வைப்பது, ‘%எல்டி’ போட்டு அச்சிடுவது, கோப்பில் 4 பைட்டாக எழுதுவது: நிரலில் தேட வேண்டியவை இந்த மூன்றும்.

கேள்வி: லாங் டபுள் என்ற தசம எண் வகையை நம்பலாமா?

கூடுமானவரை ஒதுங்கிப்போங்கள். எக்ஸ்86-ல் 80 பிட் துல்லியம், 64 பிட் ஆர்ம் லினக்ஸில் 128 பிட், ஆப்பிள் ஆர்மில் சாதாரண டபுளேதான்.

கேள்வி: நிரலை வேகப்படுத்தும் ‘-ஓ2’ போட்டால் மட்டும் தவறான விடை வருகிறது. கம்பைலர் பிழைதானே?

கம்பைலரில் பிழை இருப்பது உண்டு. ஆனால் அந்த முடிவுக்குக் கடைசியில் வாருங்கள்.

எண் நிரம்பி வழிகிறதா என்று பார்க்க ‘எக்ஸ் + 100 < எக்ஸ்’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். குறியுள்ள எண் வழிவது நடக்கவே நடக்காது என்று கம்பைலர் எடுத்துக்கொள்ள தரநிலை அனுமதிக்கிறது. அப்படியானால் இந்த நிபந்தனை எப்போதும் பொய், சோதனையையே நீக்கிவிடும். வழிந்த பிறகு பார்ப்பதை விட்டு, ‘எக்ஸ் > இன்ட்_மேக்ஸ் - 100’ என்று வழியும் முன் பாருங்கள்.

அடுத்தது, ஒரு வகைப் பாயிண்டரை இன்னொரு வகையாக மாற்றிப் படிப்பது. ஃப்ளோட்டின் பிட்டுகளைப் பார்க்க இன்ட் பாயிண்டரைப் போடும் பழைய தந்திரம் இது. வெவ்வேறு வகைப் பாயிண்டர்கள் ஒரே இடத்தைக் காட்டாது என்று நம்பி ஜிசிசி ‘-ஓ2’-வில் வரிகளை இடம் மாற்றும். ‘மெம்காப்பி’ கொண்டு படியுங்கள். கம்பைலர் அதை ஒற்றை இயந்திரக் கட்டளையாகச் சுருக்கிவிடும், வேகம் குறையாது. பெரிய பழைய நிரலை உடனே திருத்த முடியாதென்றால் ‘-எஃப்நோ-ஸ்ட்ரிக்ட்-ஏலியாசிங்’ போட்டுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. லினக்ஸ் கர்னலே அதைப் போட்டுத்தான் கட்டப்படுகிறது.

கேள்வி: கோப்பிலிருந்து ஒரு ஸ்ட்ரக்ட்டை (பல புலங்கள் சேர்ந்த தொகுப்பை) நேராகப் படித்து, நேராக எழுதுகிறேன். பரவாயில்லையா?

அந்தக் கோப்பு அந்தக் கணினியை விட்டு வெளியே போகாதென்றால் பரவாயில்லை. ஆனால் கோப்புகள் வெளியே போகும்.

மூன்று விஷயம் மாறும். பைட் வரிசை: எக்ஸ்86-ம் இன்றைய ஆர்ம்களும் சிறுமுனை (எண்ணின் சிறிய பைட் முதலில்), ஐபிஎம்மின் எஸ்390எக்ஸ், ஏஐஎக்ஸ் ஓடும் பவர், ஸ்பார்க் ஆகியவை பெருமுனை (பெரிய பைட் முதலில்). உறுப்புகளுக்கு இடையில் விடப்படும் காலி இடம்: 32 பிட் எக்ஸ்86 லினக்ஸில் ஸ்ட்ரக்ட்டுக்குள் டபுள் 4 பைட் எல்லையில் உட்காரும், 64 பிட்டில் 8 பைட் எல்லையில். அப்புறம் வகைகளின் அளவு.

ஒவ்வொரு புலத்தையும் பைட் பைட்டாகப் படித்து, 8, 16, 24 என்று நகர்த்திச் சேர்க்கும் சின்ன ஃபங்ஷன்களை எழுதிவிடுங்கள். குறியில்லாத வகைகளில் செய்யுங்கள். அப்படி எழுதினால் இந்தக் கணினி எந்த முனை என்று கேட்கும் அவசியமே வராது. பைட் வரிசை ஹெடர் லினக்ஸில் ஓரிடத்தில், பிஎஸ்டியில் வேறிடத்தில், மேக்கில் வேறு பெயரில் என்று அலையவும் வேண்டாம். எல்லை தவறிய முகவரியில் இன்ட் படிப்பதும் இதிலேயே தீரும். ஸ்பார்க் அதற்கு ‘பஸ் எரர்’ கொடுத்து உடனே கொன்றுவிடும். எக்ஸ்86 பொறுத்துக்கொள்ளும், ஆனால் கம்பைலர் லூப்பை வெக்டர் கட்டளைகளாக (பல எண்களை ஒரே சமயத்தில் கையாள்பவை) மாற்றிய அன்றைக்கு அதுவும் பொறுக்காது.

கேள்வி: ஆல்பைனில் த்ரெட் தொடங்கியதும் செக்மென்டேஷன் ஃபால்ட்.

ஸ்டேக் (ஃபங்ஷனின் உள் மாறிகள் இருக்கும் மெமரி) போதவில்லை. ஜிலிப்சியில் புது த்ரெட்டுக்கு வழக்கமாக 8 எம்பி கிடைக்கும், மசலில் 128 கேபி. மேக்ஓஎஸ்ஸில் துணை த்ரெட்டுக்கு 512 கேபி. ஃபங்ஷனுக்குள் ஒரு எம்பி அளவுக்கு அர்ரே வைத்திருந்தால் அதை மால்லாக் தரும் ஹீப் மெமரிக்கு நகர்த்துங்கள். முடியாவிட்டால் ‘பித்ரெட்_அட்டர்_செட்ஸ்டேக்சைஸ்’ கொண்டு வேண்டிய அளவைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: மேக்ஓஎஸ்ஸும் யுனிக்ஸ்தானே, அங்கே என்ன வரப்போகிறது?

யுனிக்ஸ் சான்றிதழே வாங்கிய யுனிக்ஸ்தான். ஆனாலும் வரும். பெயரில்லாத செமஃபோர் (த்ரெட்டுகளுக்கு இடையிலான ஒரு வகைப் பூட்டு) அங்கே இல்லை: ‘செம்_இனிட்’ கம்பைல் ஆகும், லிங்க் ஆகும், ஓடும்போது தோல்வி திருப்பும். திரும்பும் மதிப்பைப் பார்க்காமல் எழுதியவர்களுக்குப் பூட்டு இருக்கிற மாதிரியே தெரியும், பூட்டியிருக்காது. ‘பித்ரெட்_பேரியர்’ வகையறா கிடையாது. பல இணைப்புகளை ஒன்றாகக் கவனிக்கும் லினக்ஸின் ஈபோல் கிடையாது. பிஎஸ்டி வழி வந்த கேக்யூ உண்டு. சில நூறு இணைப்புகள்தான் என்றால் போசிக்ஸின் ‘போல்’ போதும். அதற்கு மேலென்றால் லிப்ஈவென்ட், லிப்யூவி போன்ற லைப்ரரி ஒன்றை நடுவில் வையுங்கள்.

ஆப்பிள் ஆர்மில் இன்னொன்று. எண்ணிக்கை மாறும் மதிப்புகளை ஏற்கும் ஃபங்ஷன்களுக்கு, அந்த மாறும் மதிப்புகள் எப்போதும் ஸ்டேக் வழியாகவே போகும். சாதாரண ஃபங்ஷன்களுக்கு ரெஜிஸ்டர் வழியாக. ‘ஓப்பன்’ ஃபங்ஷனுக்கு ஹெடரைச் சேர்க்காமல் மூன்று மதிப்பு ஏற்பதாகக் கையால் அறிவித்து எழுதிய பழைய நிரல் எக்ஸ்86-ல் தற்செயலாக ஓடும். இங்கே புதுக் கோப்பின் அனுமதி பிட்டுகள் குப்பையாக இருக்கும்.

கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டை மேக் இயல்பாகப் பார்ப்பதில்லை. பெரிய எழுத்தில் தொடங்கும் ‘ஸ்ட்ரிங்.எச்’ என்று உங்கள் ஹெடர் ஒன்று தேடும் பாதையில் இருந்தால், சிஸ்டத்தின் ஸ்ட்ரிங்.எச் இடத்தில் அது வந்து உட்கார்ந்துகொள்ளும். வரும் எரர்களைப் பார்த்து இதைக் கண்டுபிடிப்பது லேசில்லை.

கேள்வி: சரத்தை இடத்தின் அளவு பார்த்து நகலெடுக்கும் ஸ்ட்ர்எல்காப்பி இப்போது எல்லா இடத்திலும் இருக்கிறதா?

ஓப்பன்பிஎஸ்டியில் 1998 முதல். ஜிலிப்சி பல வருடம் மறுத்து, 2023-ல் 2.38 பதிப்பில் சேர்த்துக்கொண்டது. போசிக்ஸ் 2024-லும் வந்துவிட்டது. இல்லாத இடத்துக்கென்று அதே பெயரில் ஸ்டாட்டிக் ஃபங்ஷன் எழுதி வைத்திருந்த நிரல்கள் புதிய ஜிலிப்சியில் கம்பைல் ஆகாமல் நிற்கின்றன. மாற்று ஃபங்ஷனுக்கு உங்கள் நிரலின் முன்னொட்டோடு சொந்தப் பெயர் வையுங்கள்.

கேள்வி: எதையும் காட்டாத நல் பாயிண்டரைச் சரமாக அச்சிட்டால் ‘(நல்)’ என்று வருமே, பழைய சொலாரிஸில் ஏன் செத்துவிழுகிறது?

அப்படி அச்சிடுவது ஜிலிப்சியின் தாராள மனசு. தரநிலை அப்படிச் சொல்லவில்லை. ஜிலிப்சியிலேயே, வெறும் ‘%எஸ்’-ம் வரிமுடிவும் மட்டும் இருந்தால் ஜிசிசி அதை ‘புட்ஸ்’ ஆக மாற்றிவிடலாம். அப்போது அங்கேயும் சாகும். ஏஐஎக்ஸில் நேர்மாறான தொல்லை: பூஜ்ய முகவரியைப் படித்தால்கூடப் பூஜ்யம்தான் வரும், நிரல் சாகாது. அங்கே பல வருடம் ஓடிய நிரலை லினக்ஸுக்குக் கொண்டுவந்தால் ஒளிந்திருந்த நல் பாயிண்டர்கள் வரிசையாக எழுந்து வரும். ‘மால்லாக்(0)’ ஏஐஎக்ஸில் நல் திருப்பும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதை ‘மெமரி தீர்ந்துவிட்டது’ என்று எடுத்துக்கொண்டு வெளியேறும் நிரல்கள் நிறைய.

கேள்வி: நிரல் சரி, மேக்ஃபைலே ஓடவில்லை.

ஃப்ரீபிஎஸ்டியில், மேக்ஃபைலைப் படித்து நிரலைக் கட்டும் ‘மேக்’ கட்டளை என்பது பிஎஸ்டி மேக். உங்கள் கோப்பில் ‘இஃப்ஈக்யூ’ இருந்தால் அது குனு மேக்குக்கு எழுதியது. ‘ஜிமேக்’ நிறுவி அதை ஓட்டுங்கள். ஸ்கிரிப்ட் முதல் வரியில் ‘/பின்/பேஷ்’ என்று எழுதியிருந்தால் அங்கே அது கிடையாது; ‘என்வி’ வழியாகத் தேடச் சொல்லுங்கள், அல்லது வெறும் ‘எஸ்எச்’-சுக்கு எழுதுங்கள். வெறும் எஸ்எச் என்றால் உண்மையிலேயே வெறும் எஸ்எச்: உபுண்டுவில் 2006-லிருந்து அது டேஷ் என்ற எளிய ஷெல், ஒப்பிட இரட்டைச் சமக்குறி போட்டால் ஏற்காது. கோப்பை அங்கேயே திருத்தும் ‘செட் -ஐ’ (எஸ்-இ-டி கருவி) குனுவில் ஒரு மாதிரி, பிஎஸ்டியில் ஒரு மாதிரி. தற்காலிகக் கோப்பில் எழுதி நகர்த்துவது எங்கும் வேலை செய்யும்.

கேள்வி: லிங்க் செய்யும்போது ‘ஒன்றுக்கு மேற்பட்ட வரையறை’ என்கிறது. பழைய கணினியில் வரவில்லை.

ஹெடர் கோப்பில் ‘எக்ஸ்டர்ன்’ இல்லாமல் குளோபல் மாறியை எழுதியிருக்கிறீர்கள். 2020-ல் வந்த ஜிசிசி 10 வரை அவற்றை ஒன்றாகச் சேர்த்துவிடுவது வழக்கம். அதிலிருந்து ‘-எஃப்நோ-காமன்’ இயல்பாகிவிட்டது. ஹெடரில் எக்ஸ்டர்ன், ஒரே ஒரு சி கோப்பில் வரையறை.

ஃபங்ஷன் கிடைக்கவில்லை என்ற எரர் வந்தால் லைப்ரரிப் பட்டியலைப் பாருங்கள். கணித ஃபங்ஷன்களுக்கு ‘-எல்எம்’ வேண்டும், அதுவும் ஆப்ஜெக்ட் கோப்புகளுக்குப் பின்னால். பித்ரெட், டிஎல் இரண்டும் ஜிலிப்சி 2.34-லிருந்து முதன்மை லைப்ரரிக்குள் வந்துவிட்டன. பழைய ஜிலிப்சிக்கு இன்னும் தனியாகக் கொடுக்க வேண்டும். பழைய சொலாரிஸில் சாக்கெட்டுக்கே தனி லைப்ரரி.

கேள்வி: ஜிசிசி 15-ல் பூல் என்ற சொல்லே எரர் தருகிறது.

2025-ல் வந்த அந்தப் பதிப்பில் இயல்பு மொழி சி23. அதில் பூல், ட்ரூ, ஃபால்ஸ் மூன்றும் மொழியின் சொந்தச் சொற்கள். ‘டைப்டெஃப் இன்ட் பூல்’ செல்லாது. வெறும் அடைப்புக்குறி போட்ட ஃபங்ஷன் அறிவிப்புக்கு ‘எதையும் ஏற்காது’ என்று பொருள் மாறிவிட்டது; பழைய நிரல்களில் ஃபங்ஷன் பாயிண்டர்களை அறிவித்த இடங்கள் இதில்தான் அதிகம் அடிபடும். உடனடி மருந்து ‘-எஸ்டிடி=குனு17’. எந்தத் தரநிலைக்கு எழுதுகிறீர்கள் என்பதைப் பில்ட் கோப்பில் எப்போதும் சொல்லிவிடுங்கள். கம்பைலரின் இயல்பை நம்பி விட வேண்டாம்.

கேள்வி: பெருமுனைக் கணினி என்னிடம் இல்லை. எப்படிச் சோதிப்பது?

வேறு கணினியைப் போல நடிக்கும் கியூஈஎம்யூ என்ற எமுலேட்டர் போதும். எஸ்390எக்ஸுக்கான குறுக்குக் கம்பைலரை டெபியனிலோ உபுண்டுவிலோ நிறுவி, நிரலை ஸ்டாட்டிக்காகக் கட்டி, கியூஈஎம்யூவின் பயனர் முறையில் ஓட்டினால் உங்கள் லேப்டாப்பிலேயே ஓடும். மெதுவாக ஓடும், ஆனால் சோதனைகளுக்கு அது ஒரு பொருட்டில்லை. கட்டற்ற மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு ஜிசிசி கம்பைல் ஃபார்ம் என்ற பொதுக் கணினித் தொகுப்பில் கணக்குக் கேட்டு வாங்கும் வழியும் உண்டு. பவர், ஸ்பார்க் போன்ற உண்மையான கணினிகள் அங்கே கிடைக்கும். எமுலேட்டர் பிடிக்காத எல்லை தவறிய முகவரிப் பிழைகளை உண்மையான ஸ்பார்க் பிடித்துக் கொடுக்கும். முதலில் ஓட்ட வேண்டியது கோப்புகளைப் படிக்கும், எழுதும் சோதனைகளை: லேப்டாப்பில் எழுதிய கோப்பை அங்கே படியுங்கள், அங்கே எழுதியதை இங்கே படியுங்கள். எழுதியதை அதே கணினியில் படித்துப் பார்ப்பதில் பைட் வரிசைப் பிழை தெரியாது.